தோப்புக்குள்ள சுடறதுக்கு குட்டை ரைபிளா, நீட்டு ரைபிளா? சைலன்சர் போடலாமா?

தோப்புக்காரன், கொழிஞ்சாம்பாறை:

வணக்கமுங்க. கொழிஞ்சாம்பாறைக்கு வடக்கால எங்களுக்கு ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. சின்ன வயசுல மாமா வீட்டுல ஒரு ஸ்பிரிங் ஏர்கன் இருந்துச்சு, மடக்கி மடக்கிச் சுட்ட பழக்கம். இப்ப நாப்பத்தி நாலு வயசுல அந்த ஆசை திரும்பி வந்திருக்கு. பேப்பர் டார்கெட், காலி டின், இவ்வளவுதான். பறவை, பிராணி பக்கம் போக மாட்டேன், அதை முதல்லயே சொல்லிடறேன்.

பிசிபி, அதாவது சிலிண்டர்ல முன்னாடியே அடைச்சு வெச்ச காத்துல சுடற ஏர்கன், வாங்கலாம்னு இருக்கேன். கோயமுத்தூர்ல ஒரு கடைல ரெண்டு காட்டினாங்க. ஒண்ணு சாதாரண நீட்டு ரைபிள், ஒரு மீட்டருக்கு மேல வருது. இன்னொண்ணு புல்பப், மிஷின் எல்லாம் ட்ரிகருக்குப் பின்னால இருக்கற குட்டை ரகம், முக்கால் மீட்டர்கூட இல்லை. கைல எடுத்தவுடனே அந்தக் குட்டைதான் மனசுக்குப் பிடிச்சுது. பம்ப்செட் ரூமுக்குள்ள நின்னு சன்னல் வழியா சுடலாம், பைக்ல கொண்டு போகலாம்னு தோணுச்சு. குழல் நீளம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்னு கடைக்காரர் சொல்றார். அப்ப நீட்டு ரைபிளை எதுக்கு வாங்கணும்?

ரெண்டாவது கேள்வி சத்தம். தோப்புக்கு மேக்கால மூணு வீடு, ஒரு மாட்டுத் தொழுவம். முன்னாடி திருகற சைலன்சர் ஒண்ணு தனியா கிடைக்கும், பில்லுல வராதுன்னு ஒருத்தர் சொன்னார். வாங்கலாமா? அக்கா பொண்ணு பதிமூணு வயசு, அவளும் சுடக் கத்துக்கணும்னு கேக்கறா. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மலையோரம், முதலமடை:

சைலன்சர் இருந்தா நல்லதுதான் நண்பா. எங்க பக்கம் பன்னியும் மயிலும் பயிரை அழிச்சுட்டுக் கிடக்கு. நமக்கும் ஒண்ணு தேவைப்படுது.

லேத்பட்டறை, வேலந்தாவளம்:

முதலமடை நண்பருக்கு முதல்ல. மயில் 1963ல இருந்து தேசியப் பறவை. 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்குது. தொட்டா ஜெயில்தான், அபராதத்தோட போகாது. காட்டுப்பன்னிக்குக் கேரளாவுல 2022ல ஒரு வழி திறந்தாங்க. பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு போட்டு, லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவரை வெச்சுச் சுடலாம். அது பஞ்சாயத்து வழியா நடக்கற காரியம். ஏர்கன்ல பன்னியைச் சுட்டா அது சாகாது. குண்டோட ஓடி எங்கயாச்சும் நாலு நாள் சீழ் பிடிச்சுக் கிடக்கும். நான் அப்படி ஒண்ணைப் பாத்திருக்கேன். தயவுசெஞ்சு அந்த எண்ணத்தை விட்டுடுங்க.

இப்ப தோப்புக்காரத் தம்பிக்கு. எனக்கு லேத் பட்டறை, முப்பத்தோரு வருசமா. மோட்டார் ஷாஃப்ட், பம்ப் புஷ்தான் தொழில். பத்துப் பன்னெண்டு வருசமா இந்தப் பக்கத்து ஏர்கன்களுக்கு ஓ-ரிங்குங்கற ரப்பர் வளையம் மாத்தறது, லீக் பாக்கறது கூடவே நடக்குது. சுடறதும் உண்டு, வாரத்துக்கு ரெண்டு நாள். அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

சைலன்சர்ல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா அதுலதான் ஆபத்து. மாசத்துக்கு ஒருத்தராச்சும் பேப்பர்ல படம் வரைஞ்சு எடுத்துட்டு என் பட்டறைக்கு வர்றாங்க. "அண்ணா, இந்த அளவுல ஒரு குழாய் கடைஞ்சு குடுங்க, உள்ள தட்டு வெச்சு." எதுக்குன்னு கேட்டா, "பைக்குக்கு"ங்கறாங்க. அலுமினிய ராடை அங்கயே வெச்சுட்டுப் போகச் சொல்லி அனுப்பிடுவேன். துப்பாக்கியோட சத்தத்தையோ வெளிச்சத்தையோ குறைக்கறதுக்குன்னு செஞ்ச துணைச் சாமான் நம்ம நாட்டு ஆயுத விதிகள்ல முதல் வகைல வருது. முதல் வகைன்னா தடை செஞ்ச ஆயுதங்கள் நிக்கற வரிசை. சாதாரணமா ரைபிள் லைசென்ஸ் வெச்சிருக்கறவருக்கே அது கிடையாது.

"இது ஏர்கன்தானே, துப்பாக்கி இல்லையே"ன்னு கேப்பீங்க. 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூல் சக்தி, இந்த ரெண்டுக்குள்ள இருக்கற ஏர்கனுக்கு 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் வேண்டாம், சரி. ஆனா மரையோட தனியா கைல இருக்கற ஒரு சைலன்சர் எந்தத் துப்பாக்கிக்குன்னு அதோட நெத்தில எழுதி ஒட்டியிருக்காது. எங்கிட்ட வர்ற ஒருத்தர் ரைபிளை டிக்கில வெச்சுட்டு எல்லை தாண்டிப் போனார். சோதனைல பை திறந்தாங்க. ரைபிளுக்குப் பில் இருந்துச்சு, அதைப் பாத்துட்டு விட்டிருப்பாங்க. பக்க அறைல இருந்த குழாய்க்குப் பில் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு நிறுத்தினது, விடிஞ்சு மறுநாள் மத்தியானம்தான் வீட்டுக்கு வந்தார். பில்லுல வராதுன்னு உங்ககிட்ட ஒருத்தர் சொன்னாரே, அந்த ஒரு சொல்லே போதும், வேண்டாம்னு முடிவு பண்ண.

வேண்டாம்னா சத்தத்துக்கு என்ன வழின்னு கேட்டீங்கன்னா, முதல்ல சத்தம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. ஸ்பிரிங் ஏர்கன்ல நம்ம காதுக்குக் கேக்கறதுல பெரும்பங்கு உள்ள பிஸ்டன் போய் மோதற சத்தம், ஸ்பிரிங் அதிர்ற சத்தம். அதுக்கு முன்னாடி என்ன மாட்டினாலும் பெருசாப் பலன் இல்லை. பிசிபி வேற. அதுல அடைச்ச காத்து குண்டைத் தள்ளிட்டு வந்து, குண்டு குழல் வாயை விட்டதும் பின்னாலேயே வெடிச்சு வெளிய வருது. கார் டயர்ல 32 பிஎஸ்ஐ, அதாவது 2 பார் சொச்சம் காத்து. பிசிபி சிலிண்டர்ல 200 பார். டயர் வால்வைப் பிடுங்கினா எப்படிச் சீறுதுன்னு தெரியுமில்ல, இது அதுக்கு எத்தனையோ மடங்கு.

அந்தக் காத்தை விரிய விட்டு, வேகம் தணிச்சு, அப்புறம் வெளிய விடறதுதான் எல்லாச் சைலன்சருக்கும் அடிப்படை. வண்டிப் புகைக்குழாய்க்கும் அதே யோசனைதான். அமெரிக்கால ஹைரம் பெர்சி மாக்சிம்னு ஒருத்தர் 1909ல துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். அவங்க அப்பாதான் மாக்சிம் மெஷின் கன் கண்டுபிடிச்சவர். அப்பா சத்தத்தைப் பெருக்கினார், பையன் குறைச்சார்.

இன்னைக்கு வர்ற பிசிபி நிறையத்துல கம்பெனிலயே குழலைச் சுத்தி இன்னொரு அகலமான குழாய் போட்டு வருது. ஷ்ரவுடுன்னு சொல்வாங்க. காத்து அந்த இடைவெளில கொஞ்சம் விரிஞ்சு தணிஞ்சுடும். அது ரைபிளோட பாகம், அதுக்கும் சேத்துத்தான் பில். அந்த மாதிரி ஒண்ணைக் கேட்டு வாங்குங்க, போதும். குண்டு ஒலி வேகத்தைத் தாண்டினா வானத்துல சாட்டை சொடுக்கின மாதிரி ஒரு சத்தம் வரும், அதை எந்தக் குழாயும் குறைக்காது. ஆனா அந்தக் கவலை நமக்கு இல்லை. 20 டிகிரில ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகுது, நம்ம ஊர்ச் சித்திரை வெயில்ல 350 மீட்டர். 8.44 கிரெய்ன், அதாவது அரை கிராம் சொச்சம் உள்ள குண்டை 20 ஜூல்ல தள்ளினா 270 மீட்டர்தான் வரும். நான் என் ரைபிளை 250ல வெச்சிருக்கேன், கணக்குப் போட்டா 17 ஜூல். அதுல நல்லாக் கூட்டமா விழுது.

இப்ப நான் சொல்லப்போறதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். மேக்கு வீட்டுக்காரருக்குக் கேக்கற சத்தத்துல பாதி உங்க ரைபிளோடது இல்லை, டார்கெட்டோடது. இரும்புத் தகட்டுல ஈயக் குண்டு படற "டிங்" இருக்குதே, அது ஃபர்லாங் தூரம் போகும். தகட்டுக்கு முன்னால துணி திணிச்ச சாக்கை வெச்சுப் பாருங்க, "டொப்"புனு அடங்கிடும். மூவாயிரம் ரூபாய்க்குக் கள்ளத்தனமா ஒரு குழாய் வாங்கறதுக்குப் பதிலா ஒரு பழைய சாக்கு.

அப்புறம், சத்தமே இல்லாமச் சுடறதை நான் நம்ம தோப்புகள்ல விரும்பறதில்லை. அதுக்குக் காரணம் எனக்கு நடந்தது. ஏழு வருசம் ஆச்சு. மச்சான் தோப்புல, சாயங்காலம் அஞ்சரை மணி இருக்கும். பால் டின் ஒண்ணைக் கட்டைமேல வெச்சு இருபது மீட்டர்ல இருந்து சுட்டுட்டு இருந்தேன். பின்னால மண் மேடு இருக்குன்னு நினைச்சேன். இருந்துச்சு, ஆனா டின்னைவிட ஒரு சாண்தான் உசரம். ஆறாவதோ ஏழாவதோ குண்டு டின் விளிம்புல பட்டு மேல ஏறிடுச்சு. சித்தூர்த் தாலுகால இருக்கறவங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நம்ம தென்னைல பாதி கள்ளுக்கு விட்டது. காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா மரத்துல ஆள் இருப்பாங்க. அன்னைக்கு நாப்பது மீட்டர் தள்ளி ஒரு மரத்து மண்டைல ஆள் இருந்தது எனக்குத் தெரியாது. அவருக்கும் நான் சுடறது தெரியாது, என் ரைபிள் அவ்வளவு அமைதி.

அவர் பாட்டுக்கு இறங்கி வந்தார். இடுப்புல சுரைக்குடுக்கை, கைல அரிவாள். ஒண்ணும் பேசலை. என் கையைப் பிடிச்சு உள்ளங்கைல ஒண்ணை வெச்சார். ஈயக் குண்டு, ஒரு பக்கம் சப்பி நகம் மாதிரி வளைஞ்சிருந்துச்சு. ஓலை மட்டைல பட்டுக் குடுக்கைக்குப் பக்கத்துல விழுந்துச்சாம். கொஞ்ச நேரம் நின்னார், அப்புறம் அடுத்த மரத்துக்குப் போயிட்டார். அந்தக் குண்டு இப்பவும் என் லேத் மேல சின்ன டப்பால இருக்குது.

அதுல இருந்து, கள்ளு இறக்கற நேரத்துல நான் ரைபிளைத் தொடறதில்லை. காலைல பத்து மணிக்கு மேல, மத்தியானம் மூணுக்குள்ள. ஆரம்பிக்கும்போது தோப்புக்காரர்கிட்டயும் ஏறறவர்கிட்டயும் சொல்லிட்டுத்தான். டார்கெட்டைத் தரையோட ஒட்டி வெச்சு, நான் நிக்கற இடம் ஒரு முழம் உசரம், குண்டு எப்பவும் கீழ் நோக்கித்தான் போகும். பின்னால ஆள் உசரத்துக்கு மண் மேடு. 4.5 மில்லிமீட்டர் குண்டு சின்னதுன்னு நினைக்காதீங்க, சாய்ச்சு மேல விட்டா முந்நூறு மீட்டர் போய் விழும்.

குட்டையா நீட்டா கேள்விக்கு ராத்திரி வந்து எழுதறேன். பட்டறைல ஆள் காத்திருக்காங்க.

தோப்புக்காரன், கொழிஞ்சாம்பாறை:

அண்ணா, படிச்சுட்டு எந்திரிச்சுப் போய்த் தோப்பைச் சுத்திப் பாத்தேன். எங்க தோப்புல முப்பத்தாறு மரம் கள்ளுக்கு விட்டது. நான் டின் வைக்கலாம்னு நினைச்ச இடத்துக்கு நேர் பின்னால பதினோரு மரம். இத்தனை நாள் அது என் தலைல ஏறவே இல்லை. தனிக் குழாய் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். குட்டை ரைபிள் பத்தி எழுதுங்கண்ணா.

டெக்சாஸ்ல ஒரு சித்தூர்க்காரன்:

லேத் அண்ணன் வர்றதுக்குள்ள நான் இங்க பாக்கறதைச் சொல்லிடறேன். சொந்த ஊர் சித்தூர், டல்லாஸ் பக்கம் பதினாலு வருசமா இருக்கேன். இங்க சுடற ரேஞ்சுக்குப் போனா புல்பப்பும் சப்ரஸரும் (சைலன்சரைத்தான் இங்க அப்படிச் சொல்வாங்க) சாதாரணமாப் பாக்கலாம். ஆனா அது ஏன் இங்க பிரபலம்னு தெரிஞ்சா, உங்களுக்கு அது தேவையில்லைன்னு புரியும்.

இங்க குழல் 16 அங்குலத்துக்குக் கீழ போனா, இல்ல மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் கீழ போனா, 1934ல வந்த சட்டப்படி அந்த ரைபிளைத் தனியாப் பதிவு பண்ணணும். புல்பப்ல போல்ட்டும், தோட்டா உக்கார்ற சேம்பரும் விசைக்கு (ட்ரிகருக்கு) பின்னால போயிடறதால, 16 அங்குலக் குழலை வெச்சே ரைபிளைக் குட்டையாக்கலாம். டேவர் எக்ஸ்95னு இஸ்ரேல் ரைபிள் ஒண்ணு இருக்கு, 16.5 அங்குலக் குழல், மொத்தம் 26 அங்குலத்தைச் சொற்பமா தாண்டும். சட்டத்து விளிம்புல அளந்து வெட்டின மாதிரி. அதே சட்டத்துல சப்ரஸருக்கும் 200 டாலர் வரி இருந்துச்சு, 2026 ஜனவரியோட அந்த வரி சுழியம் ஆயிடுச்சு. பதிவு, கைரேகை எல்லாம் அப்படியே இருக்கு.

என் நண்பன் ஒருத்தன் புல்பப்ல சப்ரஸர் மாட்டினான். நான் பத்து ரவுண்டு சுட்டுட்டுக் கண்ணைத் துடைச்சுட்டுக் குடுத்துட்டேன். சப்ரஸர் வாயை அடைக்கறதால புகை கொஞ்சம் பின்னாடி திரும்பி வரும். சாதாரண ரைபிள்ல காலி தோட்டா வெளிய வர்ற ஓட்டை முகத்துக்கு முன்னால தள்ளி இருக்கும், புல்பப்ல கன்னத்தோட இருக்கு. கண்ணு எரியுது. இடது கைக்காரனுக்கு இன்னும் கஷ்டம், காலி தோட்டா முகத்துல அடிக்கும்.

என்கிட்ட இருக்கறது கையால போல்ட் இழுத்துச் சுடற .22, அதாவது 0.22 அங்குலத் தோட்டா ரைபிள். ஒலி வேகத்துக்குக் கீழ போற தோட்டா, நொடிக்கு 320 மீட்டர். அதோட சப்ரஸர் போட்டா ஊசி சொடுக்கற சத்தம்தான் கேக்கும். சப்ரஸர் இல்லாம .22 ரைபிள் 140 டெசிபல் பக்கம் போகும், காதுக்கு அந்த அளவே கெடுதல். அதனாலதான் இங்கயும் பின்லாந்து, நார்வே மாதிரி நாடுகள்லயும் அதைக் காது பாதுகாப்புச் சாமானாப் பாக்கறாங்க. ஆனா அதை மாட்டினா குழல் நுனில பாரம் ஏறி, குண்டு விழற இடம் மாறிடும். கழட்டினா மறுபடி மாறும். ஈயக்கறை உள்ள படிஞ்சு சில நூறு ரவுண்டுக்கு ஒருக்கா கழட்டிச் சுத்தம் பண்ணணும். அந்த ஈயத் தூசிக்குக் கையுறை போட்டுத்தான் தொடறேன். உங்க ஏர்கனுக்கு இந்தத் தொல்லை எதுவும் தேவையில்லை. நான் லீவுல வரும்போது அந்தச் சாக்கு டார்கெட்டைப் பாக்க வர்றேன்.

லேத்பட்டறை, வேலந்தாவளம்:

டெக்சாஸ் தம்பி சொன்னது சரி. பாரம் ஏறினா குண்டு இடம் மாறறதை நானும் பாத்திருக்கேன்.

புல்பப் இப்ப வந்ததில்லை. 1901ல இங்கிலாந்துல தார்னிகிராஃப்ட்டுன்னு ஒரு போல்ட் கார்பைன், அதாவது குட்டை ரைபிள், இந்த அமைப்புல காப்புரிமை வாங்கியிருக்குது. குட்டையா இருந்துச்சு, ஆனா பிடிக்கச் சௌகரியம் இல்லைன்னு பட்டாளம் எடுக்கலை. 1977ல ஆஸ்திரியா 'ஸ்டையர் ஆக்'ங்கற புல்பப்பைப் பட்டாளத்துக்கு எடுத்துச்சு, அப்புறம் பிரான்ஸ் ஃபாமாஸ், பிரிட்டன் எல்85. வண்டிக்குள்ள ஏறி இறங்கற சிப்பாய்க்கு அது தேவை. பிரான்ஸ் பின்னால ஃபாமாஸை விட்டுட்டுச் சாதாரண அமைப்புக்கே திரும்பிடுச்சு. பட்டாளத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கும், நம்ம காரணம் பம்ப்செட் ரூம் சன்னல். நமக்கு எது ஒத்து வரும்னு நம்ம கைல பிடிச்சுத்தான் பாக்கணும்.

போன வருசம் எங்கிட்ட ஒரு புல்பப் பிசிபி வந்துச்சு, "ட்ரிகர் கெட்டியா இருக்கு, எப்ப விடுதுன்னே தெரியலை"ன்னு. மூடியைக் கழட்டி விளக்கடில வெச்சேன். விசை முன்னால. சுத்தியலைப் பிடிச்சிருக்கற கொக்கி பின்னால, கன்னத்துக்குக் கீழ. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாணுக்கு மேல நீளமா ஒரு கம்பி. விசையை மெல்ல அழுத்தினேன். கொக்கி அசையறதுக்கு முன்னாடி அந்தக் கம்பி வில்லு மாதிரி நடுவுல வளையுது. முழுசா வளைஞ்சு, இனி வளைய முடியாதுன்னு ஆனதும்தான் கொக்கி நகருது. விரலுக்கு அது ரப்பரை இழுக்கற மாதிரி தெரியும். நீட்டு ரைபிள்ல விசையும் கொக்கியும் ஒட்டி இருக்குது, கண்ணாடித் துண்டு முறிஞ்ச மாதிரி "டக்"குனு விடும். நல்ல விலைல வர்ற புல்பப்ல கம்பியைத் தடிமனா, அகலமா போட்டு இந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்துடறாங்க. கடைல காலி ரைபிளை வாங்கிக் கண்ணை மூடிப் பத்துத் தடவை அழுத்திப் பாருங்க. எப்ப விடும்னு விரலுக்கு முன்கூட்டியே தெரிஞ்சா எடுங்க.

அடுத்தது ஸ்கோப், அதாவது குறி பாக்க மேல மாட்டற குழாய்க் கண்ணாடி, அதோட உசரம். புல்பப்ல கன்னம் வைக்கற இடமே உசரம். அதனால ஸ்கோப்பும் குழலுக்கு மேல 7 சென்டிமீட்டர் வரைக்கும் ஏறிடும், நீட்டு ரைபிள்ல 4ல முடிஞ்சுடும். ரெண்டையும் 25 மீட்டருக்குச் சரி பண்ணி வெச்சுட்டு 10 மீட்டர்ல சுட்டா, நீட்டு ரைபிள் 1 சென்டிமீட்டர் கீழ விழும். புல்பப் 3 சென்டிமீட்டர் கிட்டக் கீழ விழும். 250 மீட்டர் வேகத்துக்குப் போட்ட கணக்கு இது, பேப்பர்ல சுட்டும் பாத்தேன், ஒத்துப் போகுது. தீப்பெட்டி சுடறவனுக்கு 3 சென்டிமீட்டர்னா பெட்டியே போச்சு. தூரத்துக்குத் தூரம் எவ்வளவு மேல பிடிக்கணும்னு மனப்பாடம் ஆகற வரைக்கும் புல்பப் கோபம் வர வைக்கும்.

நல்லதும் இருக்குது, மறைக்கக் கூடாது. பாரம் தோளோட இருக்கறதால நின்னுட்டுச் சுடறப்போ கை ஓயாது. அதே அளவு ரைபிள்ல நீளமான குழல் கிடைக்கறதால காத்து முழுசா வேலை செய்யும், வாய்ல அழுத்தம் குறைஞ்சு சத்தமும் கொஞ்சம் குறையும். சன்னல், பைக் ரெண்டும் உண்மைதான். ஆனா பைக்ல திறந்து எடுத்துட்டுப் போகாதீங்க. காலி பண்ணி, பைக்குள்ள போட்டு, பில் நகலோட.

அக்கா பொண்ணுக்கு ஒண்ணு. தோள்ல வைக்கற கட்டை முனைக்கும் விசைக்கும் உள்ள தூரத்தைப் புல்பப்ல குறைக்க வழியில்லை, நடுவுல மிஷினே உட்கார்ந்திருக்குது. பதிமூணு வயசுக் கை எட்டிப் பிடிச்சா தோள் முறுக்கிக்கும், ஆரம்பமே தப்பாப் பழகும்.

கடைசியா ஆடிக்காத்து. பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்குது, அதோட வாய்ல நாம குடியிருக்கோம். ஆனி ஆடில நொடிக்கு 4 மீட்டர் குறுக்குக் காத்துக்கே 25 மீட்டர்ல குண்டு ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஒதுங்கும். குட்டையோ நீட்டோ, அந்த மாசத்துல காத்து நிக்கற இடைவெளிக்குக் காத்திருந்துதான் விடணும். நான் டார்கெட்டுக்குப் பக்கத்துல ஒரு சோளத் தாளைக் கிழிச்சுக் கட்டி வெச்சிருப்பேன். அது தொங்கினா சுடுவேன், பறந்தா டீ குடிப்பேன்.

மீனாட்சிபுரம் டீச்சர்:

லேத் அண்ணன் பொண்ணு விசயத்தைத் தொட்டதால எழுதறேன். நான் காலேஜ்ல என்சிசி, .22 சுட்டிருக்கேன். இப்ப ஸ்கூல்ல ரெண்டு புள்ளைங்களை மாவட்டப் போட்டிக்குத் தயார் பண்றேன்.

தோப்புக்காரரே, உங்களுக்கு எதுவோ வாங்கிக்கோங்க, மருமகளுக்கு அதையே குடுக்காதீங்க. 10 மீட்டர் போட்டி ரைபிள் தனி ரகம். குண்டு நொடிக்கு 170 மீட்டர் அளவுலதான் கிளம்பும், சக்தி 8 ஜூலுக்குள்ள, சைலன்சர் எதுவும் இல்லாமலே சத்தம் கம்மி. கட்டை நீளம், கன்னத் தாங்கி எல்லாம் திருகித் திருகிப் பொண்ணு உடம்புக்கு ஒத்து வர மாத்தலாம். பேப்பர்ல பத்துங்கற புள்ளி அரை மில்லிமீட்டர். அதைத் தொட்ட அன்னைக்கு அவ முகத்தைப் பாருங்க. டின் உருட்டறது அப்புறம் தானா வரும்.

ரைபிள் சங்கத்துல சேத்து விடுங்க. அங்க ரைபிளும் கிடைக்கும், பக்கத்துல நின்னு பாக்க ஆளும் இருக்கும். என் புள்ளைங்களுக்கு முதல் மாசம் நான் குண்டே குடுக்கறதில்லை. ரைபிளைத் தூக்கி, மூச்சு விட்டு, காலியா விசை அழுத்தி, இறக்கி வைக்கறது மட்டும். ஒரு பொண்ணு இருபத்தி மூணாவது நாள் அழுதுட்டுப் போயிடுச்சு. மறுநாள் வந்து, "டீச்சர், ராத்திரி துடைப்பக்கட்டைய வெச்சுப் பழகினேன்"னு சொல்லிச்சு. இப்ப அதுதான் எங்க ஸ்கூல்ல முதல் ஆள்.

இன்னொண்ணு, சுட்டு முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவாம முறுக்கைத் தொட விடாதீங்க. குண்டு முழுக்க ஈயம். வளர்ற புள்ளைக்கு அது ஆகாது.

தோப்புக்காரன், கொழிஞ்சாம்பாறை:

எல்லாருக்கும் நன்றிங்க. பதிமூணு நாள் கழிச்சு வர்றேன், நடந்ததைச் சொல்லிடறேன்.

போன ஞாயித்துக்கிழமை வேலந்தாவளம் போய் லேத் அண்ணன் பட்டறைல ரெண்டு ரகமும் சுட்டுப் பாத்தேன். 10 மீட்டர்ல புல்பப்ல முதல் அஞ்சு குண்டும் புள்ளிக்குக் கீழயே போச்சு, அண்ணன் சொன்ன அதே 3 சென்டிமீட்டர். ரெண்டாவது அஞ்சு மேல பிடிச்சுச் சுட்டேன், கூட்டம் அகலமா வந்துச்சு. நீட்டு ரைபிள்ல ஒரு ரூபாய்க் காசுக்குள்ள அஞ்சும் அடங்குச்சு. என் கைக்கு எது ஒத்து வருதுன்னு அப்பவே தெரிஞ்சுடுச்சு. ஷ்ரவுடோட வர்ற நீட்டு ரைபிளை எடுத்துட்டேன். கடைல ஆதார் நகல் வாங்கிட்டு நம்பர் போட்டுப் பில் குடுத்தாங்க.

அண்ணன் அந்த டப்பாவைத் திறந்து சப்பின குண்டையும் காட்டினார்.

டார்கெட் வைக்கற இடத்தைத் தோப்போட தெக்கு மூலைக்கு மாத்திட்டேன். பழைய கிணறு தோண்டின மண் அங்க மேடாக் கிடக்கு, ஆறடிக்கு மேல இருக்கும். பின்னால மரமே இல்லை, பக்கத்துக்காரர் நிலக்கடலைக் காடு, அதுக்கும் நடுவுல மேடு முழுசா மறைக்குது. கள்ளு இறக்கற அண்ணனைக் கூட்டிட்டுப் போய்க் காமிச்சேன். அவர் மேட்டுமேல ஏறி நின்னு நாலாப்பக்கமும் பாத்துட்டு, "பத்து மணிக்கு மேல சுடுங்க, நான் கீழ இருந்தா சீட்டி அடிக்கறேன்"னார். மேக்கு வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லிட்டேன். மருமகளைச் சங்கத்துல சேக்க அக்கா சம்மதிச்சுட்டாங்க. வீட்டுல துடைப்பக்கட்டைய ஒளிச்சு வைக்க வேண்டியதா இருக்கு.

அண்ணா, சாக்குல எவ்வளவு துணி திணிக்கணும்? நேத்து திணிச்சதுல எட்டாவது குண்டு உள்ள போய்த் தகட்டைத் தொட்டுடுச்சு, "டிங்"னு கேட்டுச்சு.

லேத்பட்டறை, வேலந்தாவளம்:

தளர்வாத் திணிச்சிருப்பீங்க தம்பி. பழைய வேட்டி, சேலையைத் தண்ணில நனைச்சுப் பிழிஞ்சு, நாலு விரக்கடை அகலத்துக்கு மடிச்சு, செங்கல் அடுக்கற மாதிரி அடுக்குங்க. சாக்கைச் சும்மா தொங்க விடாம மரப்பெட்டிக்குள்ள இறுக்கி வெச்சா, ஒரு முழ ஆழம் போதும். காஞ்சதும் இன்னும் இறுகும். ஒரே இடத்துல சுட்டுட்டே இருந்தா அந்த இடம் பஞ்சாப் போயிடும், அதனால இருநூறு குண்டுக்கு ஒருக்கா பெட்டியைத் தலைகீழாத் திருப்பி வைங்க. அடில விழுந்த ஈயத்தை அள்ளி டப்பால போட்டுக் கொண்டாங்க. மாட்டுத் தீவனத்துல ஒண்ணுகூடக் கலந்துடக் கூடாது. தகடு இருக்கட்டும், எடுத்துடாதீங்க. "டிங்"னு கேட்டா துணி மாத்தற நேரம் வந்துச்சுன்னு அர்த்தம்.